66 கண்ணிகளில் ஒரு தொடக்கம்

நுவரெலியாப் பக்கம் தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் வெளியே வந்து பார்த்திருக்கிறீர்களா? புல்நுனியில் உறைபனி உப்புத் தூவியதுபோல் வெள்ளையாகக் கிடக்கும். கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர் அல்லவா? அந்தக் குளிரில் தாய்மார் கொழுந்து எடுக்கப் புறப்படும்போது, சின்னப் பிள்ளைகளைத் துண்டால் சுற்றிப் பிள்ளை மடுவத்துக்குத் தூக்கிச் செல்வார்கள். நான் பணிக்குச் செல்லும் தோட்டத்தில் இந்தக் காட்சியைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன்.

"எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கம்பளிச் சட்டை பின்னினால் என்ன?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஒரே பின்னல் குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் பலர் சேர்ந்து தொடங்கி, கிழமைக்குக் கிழமை ஒரே அளவு முன்னேறும் வழக்கம் பல நாடுகளில் பெண்களிடையே உண்டு. அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். அவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"மிஸ், இதுக்கும் கையெழுத்து வைக்கணுமா?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, குழுவாகச் சேர்வது பெண்களுக்குப் பலம் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் இந்தப் பெண்கள் அறிந்த குழு வேறு. நுண்கடனுக்காக ஐந்தாறு பேரைச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்க வைத்த குழு அது. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் அதனால் முகம் பார்க்காமல் போன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். "கையெழுத்தும் இல்லை, கடனும் இல்லை. நூல் எமது நலன்புரி நிதியில் வாங்குவது" என்று சொன்ன பிறகுதான் எட்டுப் பேர் முன்வந்தார்கள். என்னோடு ஒன்பது.

எங்களுக்குக் குரு, ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா. இளவயதில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது துரைசாணியிடம் பின்னல் பழகியவர். முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை மடுவத்தில் கூடினோம். எல்லோருக்கும் உடனே சட்டையைத் தொடங்க ஆசை. பெரியம்மா விடவில்லை. "மொதல்ல ஒரு துண்டு பின்னிப் பாருங்க. கை ஒவ்வொருத்திக்கும் ஒரு மாதிரி" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். நாங்கள் வாங்கிய நடுத்தர மொத்த நூலுக்கு, 4 மில்லிமீற்றர் ஊசியில், 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 22 கண்ணிகள் வர வேண்டும். ஆனால் இறுக்கமாகப் பின்னும் கையில் 24 வந்தது. தளர்ந்த கையில் 20 வந்தது. நான்கு வயதுப் பிள்ளையின் மார்புச் சுற்றளவு 55 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக இருக்க 5 கூட்டினால் 60. முன்பக்கம் 30, பின்பக்கம் 30. 22 வந்த கைக்கு 66 கண்ணிகள், 24 வந்தவளுக்கு 72, 20 வந்தவளுக்கு 60. இந்தக் கணக்கை நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் வாயாலேயே விடையைச் சொல்லிவிட்டார்கள். கொழுந்து நிறுவையில் எத்தனை கிலோ கழிபடுகிறது என்று தினமும் மனக்கணக்குப் போடுபவர்கள் அல்லவா?

இரண்டு கிழமை கழித்து ஒன்பதாவது தாய் வந்து சேர்ந்தாள். தொங்கல் காம்பராவில் இருக்கும் தங்கச்சி. அதுவரை இரண்டு ஞாயிறும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனவள். கடன் குழுவில் மிகவும் நொந்தவள் அவள்தான். அவள் உள்ளே வந்து அமர்ந்த மகிழ்ச்சியில் எனக்கு அவசரம் பிடித்துவிட்டது. பெரியம்மா அன்று வரவில்லை. "மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். உங்களுக்குத் துண்டு வேண்டாம், 66 கண்ணி ஏற்றி நேரே தொடங்குங்கள்" என்றேன். கடையில் வாங்கிய 10ஆம் இலக்க ஊசி அவளுக்கு இருந்தது. 8ஆம் இலக்கம் முடிந்திருந்தபடியால், அமெரிக்காவிலுள்ள என் தோழி அனுப்பிய சோடியைக் கொடுத்தேன். அதன் தலையிலும் 8 என்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் பையைத் திறந்தபோது எல்லோரும் பேசாமல் இருந்தோம். இராவில் பிள்ளைகள் தூங்கிய பின் பின்னி, பின்பக்கத்தில் ஒரு சாண் முடித்திருந்தாள். கீழ்ப்பட்டி அழகாக இருந்தது. அதற்கு மேலே துணி குடை விரிந்ததுபோல் அகன்று போயிருந்தது. அளந்து பார்த்தால் 30 வர வேண்டிய இடத்தில் 36க்கு மேல். அவள் முகம் வெளிறிவிட்டது.

"நூல் எவ்வளவு மிஸ்? மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா கட்டிர்றேன்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. எங்கள் கடைகளில் கிடைக்கும் பழைய பிரித்தானிய இலக்கத்தில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25. அமெரிக்க இலக்கத்தில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீற்றர். அந்தத் தடித்த ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகள்தான் வந்திருந்தன. ஒரு சிறு துண்டு பின்னியிருந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்திருக்கும். எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெரியம்மா துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கம்பளி எங்கயும் போகாது புள்ள. பட்டி நல்லாத்தான் இருக்கு. அதுவரைக்கும் பிரிச்சாப் போதும்" என்றார்.

அதன் பிறகு நடந்தது நான் சொல்லிக் கொடுத்தது அல்ல. நான்கு பேர் தங்கள் பின்னலைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி நூலை இழுக்க, இன்னொருத்தி கதிரையின் முதுகில் சுற்றினாள். பெரியம்மா 66 கண்ணிகளையும் ஒன்றுவிடாமல் தம்முடைய 4 மில்லிமீற்றர் ஊசியில் எடுத்துக் கொடுத்தார். பிரித்த நூலை நான்கு இடத்தில் கட்டி, நனைத்து, நிழலில் தொங்கவிட்டோம், சுருள் போய்விடும். "அவ வந்து சேருற வரைக்கும் நாங்க கைக்குழிக்குப் போகல" என்று மற்றவர்கள் தாமாகவே சொன்னார்கள். ஒருத்தியின் சுமையை மற்றவர்கள் பங்கிட்டதுதான் இங்கேயும் நடந்தது. ஆனால் யாரும் கையெழுத்து வைத்திருக்கவில்லை.

சட்டைகள் இன்னும் முடியவில்லை. ஒன்பது பின்பக்கங்களும் இப்போது ஒரே உயரத்தில் இருக்கின்றன. பத்தாவது என்னுடையது, அது இரண்டு அங்குலம் பின்தங்கியிருக்கிறது. தொங்கல் காம்பராத் தங்கச்சி போன கிழமை என் பின்னலில் நழுவிய கண்ணியைக் கண்டுபிடித்து ஏற்றிக் கொடுத்தாள்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் நாலைந்து பேர் சேர்ந்து இப்படித் தொடங்கலாம். சில விடயங்களை மட்டும் கவனத்திற் கொள்ளுங்கள்.

ஊசியின் இலக்கத்தை நம்பாமல் மில்லிமீற்றர் அளவைப் பாருங்கள். ஒரு சட்டைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில், ஒரே சாய இலக்கமுள்ள உருண்டைகளாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் மாறிவிடக்கூடும். பட்டிக்கு மெல்லிய ஊசியில் இரண்டு பிளேன், இரண்டு பேர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். 66 கண்ணிகள் என்றால் இரு ஓரத்திலும் இரண்டு பிளேன் சரியாக வரும். எவ்வளவு அவசரமானாலும் முதலில் ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்கள்.

பிந்தி வருகிறவளுக்கும் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுங்கள். அவளுக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படும்.