ருத்ராவின் தோளில் ஹெலினா

புத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது எலும்புக் கட்டுதான். மூங்கில் பட்டையை வைத்துத் துணி சுற்ற யாரும் பழகிக்கொள்ளலாம். விலகிய எலும்பை விரலால் தடவி நேருக்குக் கொண்டுவருவதில்தான் வைத்தியரின் கை தெரியும். ஹெலிகாப்டரில் ஏவுகணை பொருத்துவதும் ஏறக்குறைய அந்தச் சங்கதிதான். மாட்டுவது எளிது, நேர் பார்ப்பது கடினம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் ருத்ரா. பெங்களூரில் எச்.ஏ.எல். செய்யும் துருவ் ஹெலிகாப்டரின் ஆயுதம் தாங்கிய வடிவம் அது. அதற்கான ஏவுகணைதான் ஹெலினா. டேங்குகளை உடைக்கும் 'நாக்' ஏவுகணையை ஹெலிகாப்டருக்காக மாற்றி, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஹைதராபாத் ஆய்வகங்கள் அதை உருவாக்கின. 7 கிலோமீட்டர் வரை எட்டும். விமானப்படைக்கான வடிவத்துக்குத் துருவாஸ்திரம் என்று பெயர்.

முதலில் உடம்பு வேலை. ஆள் ஏற்றப் பிறந்த ஹெலிகாப்டரின் இரு பக்கமும் குட்டை இறக்கைகள் முளைக்க வேண்டும், அவற்றில் ஏவுகணைகளைத் தாங்கும் சட்டங்கள். ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். ஒரு பக்கத்திலிருந்து ஒன்று கிளம்பியதும் எடை மறுபக்கம் சாயும். மேலே சுழலும் ரோட்டார் கீழே தள்ளும் காற்று, கிளம்பும் ஏவுகணையின் மூக்கைத் திருப்பப் பார்க்கும். அதன் சூடான புகையை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் மூச்சுத் திணறும். அதனால் வெறும் எடையைத் தொங்கவிட்டுப் பறப்பதில்தான் சோதனை தொடங்கும். உயிருள்ள ஏவுகணைக்கு முறை வர வெகுநாளாகும்.

அடுத்தது கண் வேலை. ஹெலிகாப்டரின் மூக்கில் உருண்டையாக ஒரு கேமராத் தொகுதி: பகலுக்கு ஒரு கண், வெப்பத்தைப் பார்க்க ஒரு கண். ஏவுகணையின் மூக்கிலும் வெப்பத்தைப் படமாக்கும் கண் ஒன்று உண்டு. பெரிய கண் காட்டும் இடத்தைச் சின்னக் கண்ணும் பார்த்தாக வேண்டும். தொலைவு போகப் போக, இம்மி பிசகும் பல மீட்டர் ஆகிவிடும். தரையில் நிறுத்தி இரண்டையும் ஒரே புள்ளிக்கு நேராக்குவார்கள். பறக்கும்போது உடம்பு முழுக்க அதிரும், அந்த ஆட்டத்தைக் கணினி கழித்துக்கொள்ள வேண்டும். பொறியாளர்களின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான் என்பது என் எண்ணம்.

கிளம்பும் நாளில் வேலை தரைக் குழுவினருடையது. கம்பிகளில் தப்பு மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே ஏவுகணையை ஏற்றுவார்கள். சிவப்பு நாடா கட்டிய பாதுகாப்பு ஊசிகளைக் கடைசியில்தான் உருவுவார்கள்.

களத்தில் ஹெலிகாப்டர் மேட்டுக்குப் பின்னால் தாழப் பதுங்கி வந்து, சற்றே எழும்பும். ஆயுதம் இயக்குபவர் டேங்கைத் திரையில் பிடித்து, ஏவுகணையின் கண்ணை அதன்மேல் பூட்டுவார். பூட்டு விழுந்த பிறகே விசை. பிறகு ஏவுகணை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். மேலேறி, கவசம் மெலிந்த தலைப்பக்கமாக இறங்கும். ஹெலிகாப்டர் அதற்குள் மறைந்துகொள்ளலாம். பழைய சேத்தக் ஹெலிகாப்டரில் ஏ.எஸ்.11 ஏவுகணைக்குப் பின்னால் கம்பி ஓடும். ஏவுகணை போய்ச் சேரும்வரை கைப்பிடியை அசைத்து ஓட்டியாக வேண்டும். அதுவரை ஹெலிகாப்டரும் எதிரியின் பார்வையிலேயே நிற்கும்.

2021 பிப்ரவரியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஹெலினாவுக்கு ஐந்து சோதனைகள் நடந்தன. அங்கே நடுப்பகலில் மணலும் டேங்கும் ஒரே சூட்டில் கொதித்தால் வெப்பக் கண்ணுக்கு வேறுபாடு மங்கிவிடும். 2022 ஏப்ரலில் மலை உயரத்தில் ஏவிப் பார்த்தார்கள். அங்கே சிக்கல் வேறு: காற்று மெலிந்து ரோட்டாரின் தூக்கும் பலம் குறையும். ஏற்றும் ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஈடாக எவ்வளவு எரிபொருளை விட்டுக்கொடுப்பது என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டாக வேண்டும்.