ஜெராய் மலையில் ஒரு நாள்: ஆறு தந்த எச்சரிக்கை

மார்ச் மாதத்தில் எங்கள் பெண்டாங் வட்டார வயல்கள் அறுவடை முடிந்து, வெயிலில் வெடித்துக் கிடக்கும். அப்போது தெற்கே பார்த்தால், 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை மட்டும் பாலைவனச் சோலைபோல் பச்சையாக நிற்கும். பண்டைக் கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்களுக்கும் இந்த மலைதான் வழிகாட்டி.

கல்லூரி விடுமுறையில், நண்பர்கள் நால்வர் என் மாமாவுடன் யான் வட்டாரத்தில் உள்ள தித்தி ஹாயூனுக்குப் புறப்பட்டோம். காட்டுக்குள் நுழைந்ததுமே வெயில் மறந்துபோனது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. தலைக்கு மேலே இருவாட்சி ஒன்று இறக்கை இரைச்சலோடு பறந்தது. வழி நெடுகப் பாறைகளில் வழிந்தோடும் அருவி.

மதியம் நீரில் இறங்கி விளையாடிக் கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். திடீரென்று மாமா குரல் கொடுத்தார்: "தம்பி, எல்லாரும் உடனே மேல ஏறுங்க!"

"மழையே இல்லையே மாமா?" என்றேன்.

"தண்ணியப் பாரு. கலங்கி வருது."

நீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வருவதை அப்போதுதான் கவனித்தேன். பைகளை எடுத்துக்கொண்டு கரையேறி மேட்டுக்குப் போனோம். சற்று நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை செந்நிற நீரில் மூழ்கிப்போனது. யாரும் பேசவில்லை.

இதைத்தான் மலாய்மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். மலையுச்சியில் பெய்யும் கனமழை ஒரேயடியாகக் கீழே பாய்ந்து வரும். விழுந்த மரங்கள் ஓடையை அடைத்து, பிறகு அந்த அடைப்பு உடைந்தால் வேகம் இன்னும் கூடும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இதே மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பறித்தது. மரங்களும் சேறும் அடிவாரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தன.

மாணவ நண்பர்களே, அருவிக்குப் போங்கள். பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஆனால், நீர் கலங்கினாலோ, சருகுகள் அதிகமானாலோ, இரைச்சல் மாறினாலோ, மலையுச்சி கறுத்தாலோ உடனே கரையேறுங்கள். கைப்பேசியில் இன்னொரு படம் எடுக்க நிற்காதீர்கள். அன்று மாமாவிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க முடியாது.