துறைமுகம் இல்லாத கரையைத் தீட்டியவர்கள்

காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியின் பழைய தைலவண்ண ஓவியம் ஒன்று, ஸ்வீடனில் மேலாரன் ஏரிக்கரையிலுள்ள ஸ்கூக்ளோஸ்டர் அரண்மனையின் சேகரிப்பில் இருக்கிறது. 1650களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தப் படத்தில் டேன்ஸ்போர்க் கோட்டையும் கடலில் நிற்கும் கப்பல்களும் கரையில் நடமாடும் மக்களும் தெரிகிறார்கள். காவிரிக் கழிமுகக் கரையைத் தைலவண்ணத்தில் காட்டும் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று.

1620இல் தஞ்சை நாயக்கர் ரகுநாதருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர் டென்மார்க் கப்பற்படைத் தளபதி ஓவ கெட. ஸ்கூக்ளோஸ்டர் அரண்மனையை எழுப்பிய கார்ல் குஸ்தாவ் ரேங்கல், 1657இல் தொடங்கிய போரில் டென்மார்க்கை எதிர்த்துப் படை நடத்திய ஸ்வீடன் தளபதி. எதிரி நாட்டின் வணிகத் தளத்தைக் காட்டும் ஓவியம் அவர் எழுப்பிய அரண்மனையில் இன்றும் இருக்கிறது.

படத்தில் கப்பல்கள் ஏன் கரையை விட்டு எட்டவே நிற்கின்றன? காரணம் மண்ணில் இருக்கிறது. காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய மணலால் ஆனது இந்தக் கரை. கடலடி மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. பாறை முனையோ குடாவோ கிடையாது. பெரிய கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை சலங்குப் படகுகள். ஆணியடித்த மரப்படகு மணல்திட்டில் மோதினால் பிளந்துபோகும். சலங்கின் பலகைகளோ கயிற்றால் தைக்கப்பட்டவை, அடி விழும்போது நெகிழ்ந்துகொடுக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதற்கும் வழியில்லை. புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் ஐப்பசிக்குள் இந்தக் கரையை விட்டுக் கிளம்பிவிடும்.

1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த காரைக்காலுக்கு ஒரு கூடுதல் வசதி இருந்தது. அரசலாற்று முகத்துவாரத்துக்குள் சிறு மரக்கலங்கள் நுழைய முடிந்தது. இன்றைக்கும் காரைக்கால் மீன்பிடித் துறைமுகம் அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. பெரிய கப்பல் கரையணைய, வாஞ்சூர் அருகே ஆழப்படுத்திக் கட்டிய சரக்குத் துறைமுகம் 2009இல்தான் வந்தது.

தைலவண்ணத்துக்கும் இந்தக் கரைக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்வது தைலவண்ணம். நீர் ஆவியாவதுபோல அது உலர்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகிப் படலமாகிறது. அதற்கு நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். மெதுவாக உலர்வதால்தான் வானத்தின் ஒரு நீலம் இன்னொரு நீலத்தில் கரைவதைப் பொறுமையாகத் தீட்ட முடிகிறது. ஆனால் ஈரமான படத்தில் கடற்காற்று மணலை ஒட்டவைக்கும். துணி ஈரத்தை இழுத்துத் தளர்ந்தும் வெயிலில் விறைத்தும் மாறிமாறி அசைய, மேலே இறுகிய வண்ணம் வெடிக்கும். அடைமழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கையோடு எடுத்துப்போகும் ஓவியர்களுக்கு நீர்வண்ணமே எளிது. 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடி ஆளுநராக இருந்த நார்வேக்காரர் பீட்டர் ஆங்கர் இப்பகுதிக் காட்சிகளை அப்படித்தான் வரைந்துவைத்தார்.

கரையைப் பார்க்காமலே தீட்டிய தைலவண்ணப் படங்களும் உண்டு. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகச் சுவருக்காக 1730களின் தொடக்கத்தில் ஜார்ஜ் லாம்பர்ட்டும் சாமுவேல் ஸ்காட்டும் ஆறு படங்கள் வரைந்தார்கள். அவற்றில் ஒன்று சென்னை ஜார்ஜ் கோட்டை. லாம்பர்ட் நிலத்தைத் தீட்ட, ஸ்காட் கப்பல்களைத் தீட்டினார். இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. கம்பெனியின் சொத்து எவ்வளவு பெரிது என்று காட்டுவதே நோக்கம் என்பதால், கோட்டையும் கப்பலும் படத்தை நிறைத்துவிடுகின்றன.

இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, ஓவியர் எங்கே நின்றார் என்பதை. கழிமுகத்தில் குன்று கிடையாது. கரையில் நின்று பார்த்தால் மணல், நீர், வானம் என்று மூன்று பட்டைகள்தான். ஊரையும் கோட்டையையும் கப்பலையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் ஓவியர் இல்லாத உயரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்தது வெளிச்சம். இது கிழக்கு நோக்கிய கரை. காலையில் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் கண்ணில் அடிக்கும், படகுகள் கறுத்த நிழலுருவாகத் தெரியும். பிற்பகலில் வெயில் முதுகுக்குப் பின்னே இருக்கும், பாயின் ஒட்டுத்துணி வரை துலங்கும். படகின் நிழல் விழும் பக்கத்தை வைத்தே பொழுதைச் சொல்லிவிடலாம்.

பிறகு பார்க்க வேண்டியது மீனவர்களை. வணிக நிறுவனங்களுக்காகத் தீட்டிய படங்களில் கட்டுமரமும் அதை ஓட்டியவர்களும் ஓரத்துச் சிறு கோடுகளாகச் சுருங்கிவிடுகிறார்கள். அவர்கள் உதவியில்லாமல் ஒரு மூட்டைகூடக் கரை சேர்ந்திருக்காது. இந்த அளவுக் குறைவை ஓவியரின் கைப்பிழை என்று விட்டுவிட முடியாது. படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பழைய படங்களுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கரை நிலையாக இருப்பதில்லை. தரங்கம்பாடியில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கடலோரப் பகுதிகளை அலை கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களைப் புரட்டிப்போட்டது. அதன்பின் கரையில் கட்டுமரங்கள் அருகி ஃபைபர் படகுகள் பெருகின. முன்பு கரை எப்படி இருந்தது என்று அறிய ஓவியமும் ஒரு சான்று. ஆனால் அளவெடுத்த வரைபடத்தோடும் கல்வெட்டோடும் ஒப்பிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

ஸ்கூக்ளோஸ்டர் சேகரிப்பின் படங்கள் பல, எவரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளன. காரைக்கால், தரங்கம்பாடிப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்கள் அங்குள்ள தரங்கம்பாடி ஓவியத்தை வகுப்பில் காட்ட வேண்டும். கூடவே, அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக்கிடக்கும் படகுகளையும் வலை பிரிப்பவர்களையும் படத்தின் நடுவில் வைத்து வரையப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.