முழுநேரப் பயண வாழ்க்கைக்கு எத்தனை அடி டிரெய்லர் வீடு பொருத்தமானது? – ஒரு விளக்கம்

அமெரிக்காவில் நிலையான வீட்டை விட்டுவிட்டு, சக்கரங்களின் மீது அமைந்த வீட்டிலேயே ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று வாழ்வோர் உண்டு. பணி ஓய்வு பெற்ற தம்பதியர், இணையத்தின் வழியாக எங்கிருந்தும் பணிபுரிவோர், வீட்டு வாடகை கட்டுப்படியாகாதோர் எனப் பல தரப்பினரும் இவர்களில் அடங்குவர். சிறந்த திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதை 2021ஆம் ஆண்டில் வென்ற 'நோமேட்லேண்ட்', இத்தகைய வாழ்க்கையை உலகெங்கும் அறியச் செய்தது.

இவ்வாறு புறப்படுவோரில் பலர் தேர்ந்தெடுப்பது, பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு. அதன் நீளம் எத்தனை அடியாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி. புதிய டிரெய்லரின் மதிப்பு வாங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். குடியிருந்த வீட்டை விற்ற பணத்தில் அதனை வாங்கியவர், நீளம் பொருந்தவில்லை என்று ஓராண்டுக்குள் மாற்ற நேர்ந்தால், சேமிப்பில் பெரும் பகுதியை இழக்க வேண்டியிருக்கும்.

ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீடு என்பதால் அது பெரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அடிக்கடி இடம் மாறும் வீடு என்பதால் அது சிறிதாக இருப்பதே வசதி. இவ்விரண்டில் எது முதன்மை பெறும் என்பதை, ஆண்டுக்கு எத்தனை முறை இடம் மாறுகிறோம், எத்தகைய இடங்களில் தங்குகிறோம் என்பவையே தீர்மானிக்கின்றன.

பெயரில் உள்ள எண்ணும் உண்மையான நீளமும்

டிரெய்லரின் மாதிரிப் பெயரில் 22, 25, 28 போன்ற எண்கள் இடம்பெறுவது வழக்கம். அது எப்போதும் மொத்த நீளத்தைக் குறிப்பதில்லை. சில நிறுவனங்கள் அறைப்பகுதியின் நீளத்தை மட்டுமே பெயரில் குறிப்பிடுகின்றன. முன்புறம் நீண்டிருக்கும் இரும்புச் சட்டம், எரிவாயு உருளைகள், இணைப்புக் கொக்கி, பின்புறத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால் நீளம் மேலும் மூன்று அல்லது நான்கு அடி கூடும். 25 என்ற பெயருடன் விற்பனையாகும் டிரெய்லர், அளந்து பார்க்கும்போது 28 அடிக்கு மேல் இருக்கக்கூடும். பின்புறத்தில் மிதிவண்டித் தாங்கியைப் பொருத்தினால் அதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இழுக்கும் வாகனத்தின் நீளமும் முக்கியம். நான்கு கதவுகள் கொண்ட வழக்கமான பிக்கப் டிரக் ஏறத்தாழ 19 முதல் 20 அடி நீளம் கொண்டது. அதனுடன் 30 அடி டிரெய்லர் இணைந்தால், சாலையில் செல்வது 50 அடித் தொடர். வளைவுகளில் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள், டிரக்கின் சக்கரங்கள் செல்லும் தடத்தைவிட உட்புறமாகச் செல்லும். பின்பகுதியோ வெளிப்புறமாக வீசும். எரிபொருள் நிலையங்களிலும் குறுகிய நகரத் தெருக்களிலும் ஒவ்வொரு கூடுதல் அடியும் இடர்ப்பாட்டை அதிகரிக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் படகுச் சேவை, அலாஸ்காவின் கடல்வழிப் படகுச் சேவை போன்றவற்றில் வாகனத்தின் நீளத்தைப் பொறுத்தே கட்டணம் அமைவதால், செலவும் கூடுகிறது.

தேசியப் பூங்காக்களின் கட்டுப்பாடுகள்

டிரெய்லர் பயணிகளில் பெரும்பாலோர் காண விரும்புவது தேசியப் பூங்காக்களையே. அங்குள்ள முகாம் திடல்களில் பல, 1930களின் சிறிய வாகனங்களையும் கூடாரங்களையும் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை அல்லது அந்த வடிவமைப்பைப் பின்பற்றியவை. மரங்களுக்கும் பாறைகளுக்கும் இடையே குறுகிய பாதைகளில் வளைந்து சென்று வாகனத்தைப் பின்னோக்கி நிறுத்த வேண்டியிருக்கும்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் முகாம் திடலில் டிரெய்லர்களுக்கான உச்ச நீளம் 24 அடி. அதே பள்ளத்தாக்கிலுள்ள நார்த் பைன்ஸ், லோயர் பைன்ஸ் ஆகியவற்றில் 35 அடி வரை அனுமதி உண்டு. எனினும், அந்த உச்ச நீளத்துக்குப் பொருந்தும் இடங்கள் எல்லாத் திடல்களிலும் குறைவு. பல மாதங்களுக்கு முன்பே அவை நிரம்பிவிடுகின்றன. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பிலுள்ள மேதர் முகாம் திடலில் 30 அடிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு இடமில்லை. அருகிலுள்ள டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வரை நிறுத்தலாம் என்றாலும், மின்சாரம், நீர், கழிவுநீர் இணைப்புகள் கொண்ட அவ்விடத்தின் கட்டணம் அதிகம்.

சாலைகளுக்கும் வரம்பு உண்டு. மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற 'கோயிங் டு த சன்' மலைச்சாலையில், அவலாஞ்ச் முகாம் திடலுக்கும் ரைசிங் சன் பகுதிக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ கொண்ட வாகனங்களுக்கு அனுமதியில்லை. டிரெய்லரைக் கழற்றி முகாமில் விட்டுவிட்டு டிரக்கில் மட்டும் செல்லலாம் என்பது டிரெய்லர் வைத்திருப்போருக்கு உள்ள வசதி. ஆனால், நீண்ட டிரெய்லரை இழுக்கத் தேவைப்படும் கனரக பிக்கப் டிரக், நான்கு கதவுகளும் எட்டடிச் சரக்குத் தட்டும் கொண்டதாயின், அதுவே சுமார் 22 அடி நீளம் இருக்கும். அந்தச் சாலையில் அதற்கும் இடமில்லை.

நீளம் கூடினால் எடையும் கூடும்

டிரக் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இடம்பெறுவது இழுதிறன். நடைமுறையில் அதற்கு முன்பே தீர்ந்துவிடுவது சுமைத்திறன். அதாவது, டிரக்கின் மீது ஏற்றக்கூடிய மொத்த எடை. இது ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்ட குறிப்பில் காணப்படும்.

டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் கொக்கியின் மீது அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கும். கட்டுப்பாட்டை இழந்து கவிழவும் கூடும். பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் 3,400 கிலோ எடையுள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதில் 12 விழுக்காடு என்பது ஏறத்தாழ 410 கிலோ. பயணிகள் இருவர் 150 கிலோ, டிரக்கில் வைக்கும் பொருட்கள் 100 கிலோ, இணைப்புக் கருவி 40 கிலோ எனக் கூட்டினால் மொத்தம் 700 கிலோ. பல இலகுரக பிக்கப் டிரக்குகளின் சுமைத்திறன் இந்த அளவிலேயே முடிந்துவிடுகிறது. அவற்றின் இழுதிறன் 4,500 கிலோ என்று குறிப்பிடப்பட்டிருந்தாலும், அதைவிட 1,000 கிலோவுக்கும் மேல் குறைந்த எடையிலேயே டிரக் தன் எல்லையை எட்டிவிடுகிறது.

டிரக்கின் சரக்குத் தட்டின் மீதே இணையும் 'ஃபிஃப்த் வீல்' வகை டிரெய்லரில் 15 முதல் 25 விழுக்காடு எடை டிரக்கின் மீது இறங்கும். ஓட்டத்தில் அது நிலையானது. ஆனால் கனரக டிரக் இன்றியமையாதது. டிரெய்லரின் விலையுடன் டிரக்கின் விலையையும் சேர்த்தே நீளத்தை முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஓரிரு நாள் உல்லாசப் பயணம் செல்வோரைவிட, முழுநேரமாகக் குடியிருப்போர் அதிகப் பொருட்களைச் சுமக்கின்றனர். குளிர்கால உடைகள், கருவிகள், ஆவணங்கள், சமையல் பாத்திரங்கள் அனைத்தும் உடன் வரும். நீளமான டிரெய்லரில் அலமாரிகள் அதிகம் இருக்கும். ஆனால், அவற்றை நிரப்ப அனுமதிக்கப்பட்ட எடை அதே விகிதத்தில் கூடுவதில்லை. வாயிலருகே உள்ள எடைக் குறிப்பைப் படிக்காமல் அலமாரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சக்கரங்களுக்கும் அச்சுக்கும் ஆபத்தானது.

எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்களில் பெரும்பாலும் கட்டணமின்றித் தங்கலாம். பொதுவாக, 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை மட்டுமே ஓரிடத்தில் இருக்க முடியும். அங்கு குழாய் நீரோ மின் இணைப்போ இல்லை. 190 லிட்டர் நன்னீர்த் தொட்டி கொண்ட டிரெய்லரில், இருவர் தலைக்கு 20 லிட்டர் வீதம் பயன்படுத்தினால் ஐந்து நாட்களுக்குள் நீர் தீர்ந்துவிடும். பெரும்பாலும் அதற்கு முன்பே கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும். நீளமான டிரெய்லர்களில் பொதுவாகப் பெரிய தொட்டிகளும், சூரிய மின்தகடுகளுக்குக் கூடுதல் கூரைப் பரப்பும் கிடைக்கின்றன. ஆனால், கரடுமுரடான மண்பாதைகளில் உட்புறம் வரை செல்வது சிறிய டிரெய்லர்களுக்கே எளிது.

அடிகளைவிட அமைப்பே முக்கியம்

ஒரே நீளமுள்ள இரு டிரெய்லர்கள் வாழ்வதற்கு வெவ்வேறாக இருக்கக்கூடும். கட்டிலின் இருபுறமும் நடக்க இடமுண்டா, ஒருவர் உறங்கும்போது மற்றவர் கதவை மூடிக்கொண்டு பணிபுரிய முடியுமா, மழை நாளில் இருவரும் உள்ளேயே அமர்ந்திருக்க இயலுமா ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் வெளியே தள்ளக்கூடிய அறைப்பகுதி இருந்தால், நீளம் கூடாமலேயே உள்ளிடம் விரியும். ஆனால் எடை கூடும். பழுதாகும் உறுப்புகளும் கூடும். அதனை உள்ளிழுத்த நிலையில் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் செல்ல முடிகிறதா என்பதை விற்பனையகத்திலேயே சோதிப்பது நல்லது.

யாருக்கு எது பொருந்தும்?

வாரந்தோறும் இடம் மாறி, தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் தங்க விரும்பும் ஒருவர் அல்லது இருவருக்கு 20 முதல் 25 அடி பொருந்தும். இரு வாரங்களுக்கு ஒருமுறை மாறி, அரசு மற்றும் தனியார் முகாம்கள் இரண்டையும் பயன்படுத்துவோருக்கு 26 முதல் 30 அடி நடுவழி. குளிர்காலம் முழுவதும் அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ ஒரே தனியார் பூங்காவில் தங்குவோருக்கும், பிள்ளைகளுடன் பயணிப்போருக்கும் 32 அடிக்கு மேற்பட்டவை வசதியளிக்கும். இவை அனைத்தும் பெயரில் உள்ள எண்கள் அல்ல. அளந்த மொத்த நீளங்கள்.

வாங்குவதற்கு முன் அதே நீளமுள்ள டிரெய்லரை வாடகைக்கு எடுத்து ஒரு வாரமாவது வாழ்ந்து பார்ப்பது பயன் தரும். செல்ல விரும்பும் பத்து இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் நீள வரம்பையும் முன்பதிவுத் தளத்தில் சரிபார்க்கலாம். நிறுவன உத்தரவாதத்தையும் படிக்க வேண்டும். முழுநேரக் குடியிருப்புக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது எனப் பல நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கின்றன. காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்புக்குத் தனி வகை உண்டு.

இந்தியாவில் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகள் அரிது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டம் போன்றவற்றில் பெரும்பாலும் இயந்திரம் பொருத்தப்பட்ட கேரவன்களே பயன்படுகின்றன. ஆயினும், மலைச்சாலை வளைவுகளும் குறுகிய நிறுத்துமிடங்களும் நிறைந்த நம் நாட்டிலும் இதே வரிசைமுறை பொருந்தும். எங்கே தங்கப் போகிறோம் என்பதை முதலிலும், எந்த வாகனத்தால் இழுக்க முடியும் என்பதை அடுத்தும் முடிவு செய்தபின், எஞ்சும் அளவுக்குள் வீட்டைத் தேடுவதே பாதுகாப்பான வழி.