சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பாய்ப்படகினருக்கு

ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. நிறுவியவர், அப்போது துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்திலுள்ள ஸ்பிரிங்ஹேவன் துறைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இந்தக் கரையில் இயற்கையான ஒதுங்கிடம் கிடையாது. துறைமுகம் வருமுன் கப்பல்கள் வெளியே நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரையேறினர். கட்டத் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. முதலில் துறைமுக வாயில் கிழக்கே இருந்தது. அதன் வழியே அலையும் மணலும் புகுந்ததால், ஸ்பிரிங் காலத்தில் அது அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. நீங்கள் பாதுகாப்பாகக் கட்டி நிற்பது அந்த மாற்றத்தால்தான். தெற்கிலிருந்து நகரும் மணல் சுவருக்கு அப்பால் தேங்கி, மெரினா கடற்கரையை அகலமாக்கியது.

வெளிநாட்டிலிருந்து வருவோர் மஞ்சள் கொடி ஏற்றி, வி.எச்.எஃப். 16இல் துறைமுகத்தை அழைக்கவும். சுகாதாரம், சுங்கம், குடியேற்றச் சோதனைகள் முடியும்வரை யாரும் கரையிறங்கக் கூடாது. விசாவைப் புறப்படும் முன்பே பெற்றிருக்க வேண்டும்.

சாட்டிலைட் போனில் மிகுந்த கவனம் தேவை. தில்லியிலுள்ள தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி துரையா, இரிடியம் கருவிகளை இந்தியாவில் பயன்படுத்துவது சட்டவிரோதம். நடுக்கடலில் உயிர்காக்கும் கருவி என்பது விலக்கு ஆகாது, முன்கூட்டியே விண்ணப்பிக்கவும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல்கள் இக்கரையைத் தாக்கக்கூடும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் கட்டுக்கயிறுகளை இரட்டிப்பாக்கி, பாய்களைக் கழற்றி உள்ளே வைக்கவும்.