ரேடார் எலும்பைப் பார்ப்பதில்லை

2021 மே மாதக் கடைசியில் கனடாவிலிருந்து வந்த ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், காம்லூப்ஸ் நகரத்தின் பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில் 215 குழந்தைகளின் உடல்கள் இருப்பது உறுதியாகிவிட்டது என்றது செய்தி. சில பத்திரிகைகள் ‘பெரும் புதைகுழி’ என்று தலைப்பே போட்டன. ஆனால் உடல்களைத் தேடி அங்கே யாரும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டியிருக்கவில்லை. தரைக்கு மேலே ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது தெரியாததால் அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் ஏராளம்.

முதலில் பின்னணி. கனடா அரசு பணம் கொடுக்க, கிறித்தவ சபைகள் நடத்திய இந்தப் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை இருந்தன. பூர்வகுடிக் குழந்தைகளில் சுமார் 1,50,000 பேர் வீட்டைப் பிரிந்து இவற்றில் வளர்ந்தார்கள். அவர்களில் பலர் பெற்றோர் மனமொப்பி அனுப்பியவர்கள் அல்லர். காசநோயும் இன்ஃப்ளூயன்சாவும் நெரிசலான விடுதிகளில் புகுந்து விளையாடின. செத்துப்போன பிள்ளையின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்க அரசுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். நட்ட மரச்சிலுவை சில பத்தாண்டுகளில் உளுத்துப்போகும். பள்ளி மூடப்பட்ட பின் மயானத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தொடங்கிவைத்த பதிவேட்டில் இன்று 4,100க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணங்கள் உள்ளன. பிள்ளைகள் இறந்தார்களா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதுதான் பல இடங்களில் தெரியவில்லை.

அங்கேதான் தரை ஊடுருவும் ரேடார் வருகிறது. சுருக்கமாக ஜி.பி.ஆர். என்பார்கள். சிறு வண்டியில் பொருத்தி, தரையை ஒட்டித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அதன் ஆன்டெனா ரேடியோ அலைத் துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு வகை மண் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில், ஈரம் மாறும் இடத்தில், கல்லோ வெற்றிடமோ குறுக்கிடும் இடத்தில் அலையின் ஒரு பங்கு மேலே திரும்பும். போய்த் திரும்ப ஆன நேரத்தை நானோ நொடிகளில் அளந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் கால் மீட்டரோ அரை மீட்டரோ தள்ளி அடுத்த வரிசை. எல்லாவற்றையும் கணினி சேர்த்துத் தைத்தால், அரை மீட்டர் ஆழத்தில் இந்த நிலம் எப்படி இருக்கிறது, ஒரு மீட்டரில் எப்படி இருக்கிறது என்று அடுக்கடுக்காக வரைபடம் கிடைக்கும்.

இந்த வரைபடத்தில் எலும்பு தெரியாது. எலும்புக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையே ரேடார் அலை பிரித்தறியும் அளவுக்குப் பெரிய வேறுபாடு கிடையாது. குழந்தை எலும்பு என்றால் அளவிலும் சிறியது, அமில மண்ணில் கரைந்தும் போகும். ரேடாருக்குத் தெரிவது குழி. அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்து “இது நிரப்பின மண்ணு” என்று அனுபவமுள்ள கொத்தனார் சொல்லிவிடுவார் அல்லவா, அந்த வேலையைத்தான் ரேடார் தோண்டாமலே செய்கிறது. ஒருமுறை வெட்டி மூடிய மண், அடுக்கு குலைந்து, ஈரத்தை வேறு மாதிரி பிடித்துக்கொண்டு, நூறாண்டு கழிந்தும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

குழி வெட்ட மனிதர்களுக்கு ஆயிரம் காரணங்கள். வடிகால், கழிவுநீர்த் தொட்டி, மரம் நட்ட பள்ளம், பிடுங்கிய வேர். வளை தோண்டும் பிராணிகளும் சும்மா இருப்பதில்லை. அதனால் நிபுணர்கள் வடிவத்தையும் பார்க்கிறார்கள்: நீளம் என்ன, ஆழம் என்ன, கிறித்தவ வழக்கப்படி கிழக்கு மேற்காக இருக்கிறதா, பக்கத்தில் அதே இடைவெளியில் இன்னொன்று உண்டா? களிமண் நிலமென்றால் அலை சீக்கிரமே உறிஞ்சப்பட்டு, ஒரு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாமலே போகலாம். ஆகவே ரேடாரில் ஒன்றும் சிக்காத இடத்தில் புதைகுழி இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

துணைக்கு வேறு கருவிகளும் உண்டு. காந்தமானி இரும்பையும் தீப்பட்ட மண்ணையும் காட்டும். மண்ணின் மின்தடையை அளந்தால் ஈரமான குழியும் புதைந்த சுவரும் வேறுபட்டுத் தெரியும். ட்ரோனில் கட்டிய லைடார் என்னும் லேசர் அளவி, புல்லுக்கு அடியில் சில சென்டிமீட்டரே அமிழ்ந்த பள்ளத்தைக்கூடப் பிடித்துவிடும். பழைய புதைகுழி அப்படித்தான் மெல்ல உள்வாங்கும். இவற்றோடு பழைய வான்படங்கள், பள்ளிக் கட்டட வரைபடங்கள், தேவாலயப் பதிவேடுகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள்.

ஆனால் வண்டியை எங்கே தள்ளுவது என்று எந்தக் கருவியும் சொல்லாது. காம்லூப்ஸில் அதைச் சொன்னவர்கள் அந்தப் பள்ளியில் படித்து முதியவர்களானவர்கள். இரவில் எழுப்பிக் கூட்டிப்போய் ஆப்பிள் தோட்டத்தில் குழி வெட்ட வைத்ததாகச் சொல்லும் நினைவுகள் அவர்களிடையே இருந்தன. அந்தத் தோட்டத்தில்தான் சுமார் இரண்டு ஏக்கரை ஃப்ரேசர் வேலி பல்கலைக்கழகத்தின் சாரா போலியூ ஆய்வு செய்தார். இதற்கு ஏற்பாடு செய்தது ட்கெம்லூப்ஸ் டெ செக்வெப்மக் என்னும் பூர்வகுடிச் சமூகம். 215 குழந்தைகளின் உடல்கள் என்று முதலில் அறிவித்ததும் அதுதான். ஜூலையில் போலியூ தம் அறிக்கையை வெளியிட்டபோது எண் 200 ஆனது. அந்த வளாகத்தில் முன்பு நடந்த தொல்லியல் தோண்டல்களையும் கணக்கில் எடுத்ததால் வந்த மாற்றம் அது. அவர் சொன்னதும் ‘புதைகுழியாக இருக்க வாய்ப்புள்ள இடங்கள்’ என்றுதான். தோண்டாமல் உறுதி செய்ய முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். எண் குறைந்ததை வைத்து எல்லாமே கட்டுக்கதை என்று கிளம்பியவர்கள் உண்டு. என் கணக்கில் அது நேர்மையான திருத்தம். அவசரம் முதல் அறிவிப்பில் இருந்தது, தலைப்பு போட்டவர்களிடம் அதைவிட அதிகம் இருந்தது.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் கௌவெசெஸ் சமூகம் ஒரு மாதம் கழித்து இன்னும் நிதானமாக நடந்துகொண்டது. மரிவல் பள்ளி அருகே 751 இடங்களில் ரேடார் பதிவு கிடைத்தது என்று சொன்ன தலைவர் காட்மஸ் டெலோர்ம், 10 முதல் 15 சதவீதம் பிழை இருக்கலாம், குறைந்தது 600 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் குழந்தைகள் என்று சொல்ல முடியாது, பெரியவர்களும் இருக்கலாம் என்றும் சொன்னார். ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த மயானம். கல்லறைக் கற்கள் 1960களில் அகற்றப்பட்டிருந்தன. அதன்பின் ரேடாரை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேடுகளையும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் துழாவி, சில மாதங்களிலேயே சுமார் 300 புதைகுழிகளுக்குப் பெயர் கண்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மானிடோபா மாகாணத்தின் பைன் கிரீக் சமூகத்தில் கதை வேறு. தேவாலயத்தின் நிலவறைத் தரைக்கடியில் 14 இடங்களை ரேடார் குறித்துக் காட்டியது. 2023 கோடையில் அந்தச் சமூகமே முடிவெடுத்துத் தோண்டியது. நான்கு வாரங்கள். மனித எச்சம் எதுவும் இல்லை என்று தலைவர் டெரெக் நெபினாக்கே அறிவித்தார். ரேடார் பொய் சொல்லவில்லை. அது காட்டுவது மண் வேறுபடும் இடத்தைத்தான், உடலை அல்ல. 

தமிழர்களுக்கும் இந்தக் கருவி இப்போது அந்நியமில்லை. 2025 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் செம்மணியில் இதைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்தார்கள். அங்கே வரிசை தலைகீழ்: கட்டட வேலையில் முதலில் எலும்புகள் வெளிப்பட்டன, நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது, அதற்குப் பிறகே ரேடார் வந்தது. எனவே செம்மணி ஸ்கேனையும் காம்லூப்ஸ் ஸ்கேனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது. முன்னதில், உடல்கள் உறுதியான இடத்தைச் சுற்றி இன்னும் எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்பதே கேள்வி.

தோண்டுவதா வேண்டாமா என்பதில் கனடாவின் பூர்வகுடிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. உறங்குபவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளையை எங்கள் ஊர் மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பள்ளிக்குப் பல சமூகங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பதால் யாருடைய சம்மதம் என்பதே பெரிய பேச்சு. ஸ்கேன் தரவு யாருக்குச் சொந்தம் என்பதில் மட்டும் குழப்பமில்லை. உரிமையும் கட்டுப்பாடும் சமூகத்திடம் இருக்க வேண்டும் என்று ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அடையாளமற்ற புதைகுழிகளுக்காக நியமிக்கப்பட்ட சிறப்பு அதிகாரி கிம்பர்லி மரே 2023இல் தந்த இடைக்கால அறிக்கையில் ஒரு செய்தி வருகிறது: காம்லூப்ஸ் தோட்டத்துக்கு நள்ளிரவில் மண்வெட்டியோடு வந்தவர்கள் உண்டு, நாங்களே தோண்டிப் பார்க்கிறோம் என்று. துல்லியமான புள்ளிகள் கொண்ட வரைபடத்தைப் பொதுவில் வெளியிடச் சமூகங்கள் தயங்குவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.