இருட்டுக்குக் கண் பழகுவது எப்படி?

ராத்திரி காம்பராவில் டீவி பார்த்துவிட்டு, பீலிப் பக்கம் போக வெளியே இறங்குகிறோம். ஒன்றுமே தெரிவதில்லை. "என்னா இது, கண்ணக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு!" என்று தடுமாறுகிறோம். கொஞ்ச நேரம் போனால் படிக்கட்டு, கான், வேலி எல்லாம் மெல்ல மெல்லத் தெரிகின்றன. இது ஏன்?

நமது கண்மணி நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். இது சில வினாடிகளில் நடந்துவிடும். ஆனால் அது மட்டும் போதாது.

கண்ணின் உள்ளே பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. அதில் பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் ஒருவகைக் கலங்கள். மங்கலில் பார்ப்பதற்கு வேறுவகைக் கலங்கள். மங்கலில் பார்க்கும் கலங்களில் ஒரு சாயப்பொருள் உண்டு. கடும் வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப் போகும். இருட்டில் திரும்பவும் ஊறி வர 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும்.

ஆகவே வெளியே இறங்கும்போது அவசரப்படாதீர்கள். வாசலில் சற்று நின்று, டோர்ச்சைக் காலடியில் அடித்துப் போங்கள். எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். அவர் கண் பழகியதெல்லாம் ஒரு நொடியில் கெட்டுவிடும். வயசாளிகளுக்குக் கண் பழக இன்னும் நேரம் எடுக்கும். அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள்.

இனி முக்கியமான விசயம். அந்தச் சாயப்பொருள் உண்டாவதற்கு விட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் எவ்வளவு நேரம் நின்றாலும் கண் இருட்டுக்குப் பழகாது. இதுதான் மாலைக்கண். பகலில் ஓடி விளையாடும் பிள்ளை, பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவி நடக்கிறதா? தட்டில் இருக்கும் சோற்றைத் தேடுகிறதா? "வளந்தா சரியாப் போயிரும்" என்று விட்டுவிடாதீர்கள். நாள் போனால் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே போய்விடக்கூடும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணப்படுத்தலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம் என்பதால் டாக்டரிடம் காட்டுவதே சரி.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். லயத்துப் பக்கத்துத் தோட்டத்தில் கீரை, கரட், பூசணி போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பப்பாசிப்பழம், முட்டை கிடைக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் விட்டமின் ஏ மருந்தைத் தவறவிடாதீர்கள். ஆனால் கர்ப்பிணித் தாய்மார் டாக்டரைக் கேட்காமல் விட்டமின் ஏ குளிசை குடிக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

இன்று இரவே உங்கள் பிள்ளைகள் இருட்டில் எப்படி நடக்கிறார்கள் என்று ஒருதரம் கவனித்துப் பாருங்கள்.